ஏழாம் மேசையின் பூஜ்யம்

சார்ட் வரைகிற வேலையை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. புதிதாக வந்த பிள்ளைகளின் தலையில் முதலில் கட்டுவது அதைத்தான். டேட்டா இருக்கிறது, ஒரு படம் போட்டுக் கொடு என்று சொல்லிவிட்டு மூத்தவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். நானும் அப்படித் தள்ளிவிட்டவள்தான், அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வேலை பார்த்த காலத்தில் நான் எழுதிய புரோகிராம்களில் பாதி எனக்கே மறந்துவிட்டது. மூன்று வரி மட்டும் இன்னும் நினைவில் நிற்கிறது. அந்த மூன்று வரியை எழுதியதும் நான்தான், அழித்ததும் நான்தான்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நடந்தது. ஒரகடம் சாலையில், கார்களுக்குப் பக்கக் கண்ணாடி செய்யும் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். பிரிவு என்றதும் பெரிய கூட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் ஒருத்தி, வயர் இழுக்கவும் பிரிண்டர் பார்க்கவும் இன்னொருவர், அவ்வளவுதான். டேட்டா என்ட்ரி செய்ய வந்தவள், தானாகப் படித்துப் புரோகிராம் எழுதப் பழகிக்கொண்டேன். குன்றத்தூரிலிருந்து காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் ஐந்தரைக்கு அதே பஸ். அந்த ஐந்தரை மணி இந்தக் கதையில் பிறகு வரும்.

எங்கள் ஆலையில் கடைசிப் பரிசோதனைக்கு எட்டு மேசைகள். மேசைக்கு ஒருவர். கண்ணாடியைக் கையில் எடுத்துக் கீறல், விரிசல், ஆட்டம் எல்லாம் பார்த்துவிட்டு அதன் பார்கோடை ஒரு கருவியில் காட்டுவார்கள். 'பீப்' என்று சத்தம் வரும். பிறகு கண்ணாடியின் பின்பக்கத்தில் பெயின்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பார்கள். யார் பார்த்து அனுப்பியது என்று பின்னால் தெரிய வேண்டுமே, அதற்காக ஆளுக்கு ஒரு நிறம். நிறங்கள் தீர்ந்துபோனால் அடுத்து வருகிறவருக்கு அதே நிறத்தில் இரண்டு புள்ளி. இந்தப் புள்ளி விஷயமெல்லாம் அன்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். என் கணக்கெல்லாம் 'பீப்'தான். யார், எந்த நாள், எத்தனை கண்ணாடி என்று எண்ணி, மாதம் முழுவதையும் ஒரு கோடாக வரைந்து வெப் பக்கத்தில் காட்டுவது என் புரோகிராம்.

அந்தப் படத்தில் வருகிற வாசகங்கள் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று மீட்டிங்கில் மல்லுக்கு நின்று வாங்கினேன். லைனில் நிற்பவர்கள் பார்க்கிற படம், அவர்களுக்குப் புரிய வேண்டாமா என்று கேட்டபோது எதிரே இருந்தவர்கள் சரி என்றுவிட்டார்கள். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது. ஏதாவது மேசையிலிருந்து டேட்டா வராவிட்டால், கோட்டை அந்த இடத்தில் விட்டுவிட்டு 'தகவல் வரவில்லை' என்று எழுதும்படி மூன்று வரி வைத்திருந்தேன். என் கம்ப்யூட்டரில் அழகாக வந்தது. சர்வரில் எப்படி வரும் என்று பார்க்கவில்லை. சோதனைக்கு நான் வைத்திருந்த டேட்டாவில் எல்லா மேசையும் எல்லா நாளும் நிறைந்திருந்தன. காலியான நாள் ஒன்றைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தமிழ் தெரியாத ஆறு பேர் ஆலையைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் வருவதற்கு அரைமணி நேரம் முன்பு, கூட்ட அறையின் பெரிய திரையில் எங்கள் பக்கத்தைத் திறந்து வைத்திருந்த ஆலை மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான்காம் மேசையின் கருவி முந்தைய நாள் ரிப்பேருக்குப் போயிருந்தது. அந்த மேசையின் படத்தில், 'தகவல் வரவில்லை' என்று வர வேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஜன்னல் கம்பி மாதிரி இருக்கிறதே, இதுதான் நீங்கள் சண்டை போட்டு வாங்கிய தமிழா என்று கேட்டார் மேலாளர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

வெப் பக்கத்தில் எழுதினால் பார்க்கிறவரின் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபான்ட் போதும். படத்துக்குள் எழுத வேண்டுமென்றால் படம் வரைகிற சர்வரில் ஃபான்ட் இருக்க வேண்டும். எங்கள் சர்வரில் தமிழ் ஃபான்ட் என்று ஒன்று இல்லவே இல்லை. ஓடிப்போய் என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போட்டேன். கட்டங்கள் போய் எழுத்து வந்தது, ஆனால் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட அப்படி எழுதாது. பத்து நிமிடம் முட்டி மோதினேன். வாசலில் வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். எழுதினால் வந்தவர்கள் படித்துவிடுவார்கள், ஏன் தகவல் வரவில்லை என்று கேள்வி வரும். படத்தையே மறைத்திருக்கலாம். மறைத்தால் எட்டு மேசையில் ஒன்று எங்கே என்று கேட்பார்கள். எனக்கு அப்போது அசிங்கம் போனால் போதும். அந்த மூன்று வரியையும் அழித்தேன். ஒன்றும் வராவிட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள் என ஒரு சொல்லைச் சேர்த்தேன். கோடு கீழே இறங்கி, தரையைத் தொட்டு நின்றது. படம் பளிச்சென்று இருந்தது. வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். மேலாளர் போகிறபோக்கில் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மஞ்சள் சீட்டு ஒன்றில் 'பூஜ்யம் - மாற்ற வேண்டும்' என்று எழுதி என் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டினேன். சாயங்காலம் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஐந்தரைக்கு பஸ் வந்துவிட்டது. மறுநாள் வேறு வேலை வந்தது. நான்காம் மேசைக்குக் கருவியும் திரும்பி வந்துவிட்டது, எல்லா மேசையிலிருந்தும் டேட்டா ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த மஞ்சள் சீட்டு என் கண்ணில் படுவதே நின்றுபோனது. அது அங்கேயேதான் இருந்தது.

மூன்று மாதம் போயிற்று. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பரிசோதனை லைனின் சூப்பர்வைசர் ஏழுமலை என் அறைக்கு வந்தார். மணிமங்கலத்துக்காரர். எதற்கும் லேசில் மாடியேறி வராதவர். அவருக்குப் பின்னால் ஒரு பெண், நீல யூனிஃபார்மின் கையைத் திருகிக்கொண்டே நின்றாள். பேச்சியம்மாள், சங்கரன்கோவில் பக்கம். பயிற்சித் தொழிலாளி, அந்த மாதம்தான் ஏழாம் மேசைக்கு மாறி வந்திருந்தாள். படப்பையில் ஒரு அறையில் ஐந்து பெண்களோடு தங்கியிருந்தாள்.

விஷயத்தை ஏழுமலைதான் சொன்னார். அவளுடைய இரண்டு வருடப் பயிற்சி முடிய இன்னும் பதினோரு நாள். முடித்தால் சான்றிதழ். அந்தச் சான்றிதழை நம்பி, இதே சாலையில் இருக்கும் பெரிய கம்பெனி ஒன்று இன்டர்வியூ வைத்து அவளை நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. இப்போது பணியாளர் பிரிவு அவளை அன்றோடு அனுப்பச் சொல்லிவிட்டது. காரணம் என் சார்ட். முந்தைய வாரத்தில் மூன்று நாள் அவள் கணக்கில் பூஜ்யம். அதே மூன்று நாள்தான் பக்கத்து லைனில் கேன்டீன் சாப்பாடு சரியில்லை என்று பயிற்சித் தொழிலாளர்கள் சிலர் வேலையைத் தொடாமல் கைகட்டி நின்றிருந்தார்கள். வருகைப் பதிவில் இவள் இருக்கிறாள், சார்ட்டில் வேலை இல்லை. இவளும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"மூணு நாளும் என் கண்ணெதிர்லதான் நின்னுகினு இருந்துச்சு மேடம். கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் தப்பு கீதான்னு கொஞ்சம் பாருங்க" என்றார் ஏழுமலை.

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது ஏழுமலை, வருவதை அப்படியே வரையும் என்றேன். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. என்னுடைய வேலையைக் குறை சொல்ல மாடியேறி வந்துவிட்டார்களே என்ற எரிச்சல்தான் எனக்கு.

அதுவரை வாய் திறக்காத பேச்சியம்மாள் அப்போது பேசினாள்.

"பீப் சத்தம் கேக்கத்தான செஞ்சுச்சு மேடம். நான் பாக்கலைன்னா, அந்தக் கண்ணாடியெல்லாம் வேற யாரு பாத்தா?"

அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மேசை மூன்று நாள் சும்மா இருந்திருந்தால் அந்த மூன்று நாள் கண்ணாடிகள் எங்கே தேங்கி நின்றன? எங்கும் தேங்கவில்லையே. பேச்சை மாற்றுவதற்காக மானிட்டர் பக்கம் திரும்பினேன். ஓரத்தில் மஞ்சள் சீட்டு, நிறம் வெளுத்துப்போய், ஒட்டிக்கொண்டிருந்தது. என் கையெழுத்துதான்.

டேட்டாவைத் திறந்து பார்த்தேன். அந்த மூன்று நாளுக்கு ஏழாம் மேசையிலிருந்து ஒரு வரிகூட வந்து சேரவில்லை. வயர் பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு லைனுக்கு இறங்கினேன். ஏழாம் மேசைக்கு மேலே கூரை ஒழுகி, வயர்கள் சேரும் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. கருவி பார்கோடைப் படித்தவுடன் சத்தம் போட்டுவிடும். படித்தது சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரிய வழியில்லை. தெரியப்படுத்தியிருக்க வேண்டிய ஒரே இடம் என் படம், அங்கே நான் பூஜ்யம் போட்டு வைத்திருந்தேன்.

பணியாளர் பிரிவு அதிகாரியிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வயர் பழுது என்று நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். இங்கே நான் செய்த இரண்டாவது தப்பு, வயரைப் பற்றி மட்டும் சொன்னதுதான். மூன்று வரியைப் பற்றி மூச்சு விடவில்லை. மழை மீது பழியைப் போட்டுவிட்டால் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"எனக்கு முன்னாடி இருக்கிறது ரெண்டு பேப்பர்தான் மேடம். ஒண்ணு வருகைப் பதிவு, இன்னொண்ணு உங்க சார்ட். வயர் போச்சுன்னா சார்ட் அதைச் சொல்லியிருக்கணும். ஜீரோன்னுதான சொல்லுது" என்றார் அவர்.

பதிவு இல்லை என்பதை வைத்துக்கொண்டு வேலை நடந்தது என்று தன்னால் எழுத முடியாது, வேலை நடந்ததற்கு ஏதாவது காட்டுங்கள் என்றும் சொன்னார். நியாயமான பேச்சுதான். சாயங்காலத்துக்குள் காட்டினால் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்து இதைச் சொன்னதும் ஏழுமலை அந்தப் பெண்ணிடம், உன் மார்க்கர் என்ன என்று கேட்டார். வயலெட், இரண்டு புள்ளி என்றாள். அந்த வாரத்துச் சரக்கில் ஒரு பகுதி வண்டி ஏறாமல் இன்னும் கிடங்கில் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். மூன்று பேரும் மழையில் நனைந்துகொண்டே கிடங்குக்குப் போனோம்.

பெட்டிகளின் மேல் பேக் செய்த தேதி எழுதிய சீட்டு இருந்தது. தேதி பார்த்து ஒவ்வொன்றாக இறக்கினார் ஏழுமலை. முதல் பெட்டியில் பச்சை, சிவப்பு, பச்சை. இரண்டாவதில் நீலம். மூன்றாவதும் நீலம். பேச்சியம்மாள் எதையும் தொடவில்லை. தொட்டால் தானே வைத்த புள்ளி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளியே நின்றாள். இரண்டு வருடம் ஒழுங்காக வேலை பார்த்த பெண்ணை, தான் செய்த வேலையைத் தொடவே பயப்படும்படி ஆக்கி வைத்திருந்தேன்.

நான்காவது பெட்டியில் கண்ணாடியைத் திருப்பினால் வயலெட். பக்கத்தில் இன்னொரு வயலெட். அந்தப் பெட்டி முழுக்க அதுதான். அடுத்ததிலும் இருந்தது. மூன்று தேதிகளுக்கும் பெட்டிகள் கிடைத்தன. புள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே இடத்தில், அவசரமில்லாமல் வைத்த புள்ளிகள்.

"இதா கீது மேடம்" என்றார் ஏழுமலை.

அதிகாரியைக் கிடங்குக்கே வரவழைத்தோம். குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, குனிந்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சரி, அந்தப் பெண் முடித்துவிட்டுப் போகட்டும் என்றார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பெட்டிகளுக்கு நடுவில் கையைப் பின்னால் கட்டியபடியே அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் மறுபடியும் மழையின் மீது பழியைப் போட எனக்கு நா எழவில்லை.

"பூஜ்யம் மெஷின் போட்டதில்லை சார். ஆடி மாசம் விசிட் அன்னைக்கு நான்தான் போட்டேன். மாத்த மறந்துட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஏழுமலையும் பேச்சியம்மாளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி கையிலிருந்த கண்ணாடியை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தார்.

"அப்போ ஆடியிலேர்ந்து இதுவரைக்கும் வேற யாருக்கெல்லாம் இப்படி வந்திருக்கு மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. மாடிக்குப் போய் ஆடியிலிருந்து எல்லாப் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். பூஜ்யம் விழுந்த இடம் ஒவ்வொன்றையும் வருகைப் பதிவோடு ஒப்பிட்டேன். பெரும்பாலும் லீவு நாட்கள். ஒன்று மட்டும் மாட்டியது. புரட்டாசியில் முதல் மழை பெய்த இரண்டு நாள், அதே ஏழாம் மேசை. பேச்சியம்மாளுக்கு முன்னால் அங்கே நின்ற ஒப்பந்தத் தொழிலாளி, ராமநாதபுரம் பக்கத்துப் பையன். அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் என்ற இடத்தில், இரண்டு நாள் உற்பத்தி இல்லை என்று எழுதியிருந்தது.

அவன் ஏன் வந்து கேட்கவில்லை என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

"அவன் ஒண்ணும் கேக்கல மேடம். கம்பெனி ஷூவ கழட்டிக் குடுத்துட்டுப் பூட்டான். எனக்கே அப்புறந்தான் தெரியும்" என்றார். அவர் அந்த வாரம் வேறு ஷிஃப்டில் இருந்திருக்கிறார்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் அவரும் நானும் படப்பைக்குப் போனோம். அவன் இருந்த அறையில் வேறு பையன்கள் இருந்தார்கள். ஊருக்குப் போய்விட்டான், பிறகு திருப்பூரோ எங்கோ என்றார்கள். அவன் வைத்திருந்த எண்ணுக்குப் போன் போகவில்லை. அதிகாரி கெட்ட மனிதர் இல்லை என்று சொன்னேனே, அவரே கையெழுத்துப் போட்டு, தவறு எங்களுடையது, வேலைக்குத் திரும்பி வரலாம் என்று அவன் ஊர் விலாசத்துக்குக் கடிதம் அனுப்பினார். பதில் வரவில்லை. இன்னொன்றும் அனுப்பினோம். அதற்கும் வரவில்லை.

பேச்சியம்மாள் பதினோரு நாளையும் முடித்துச் சான்றிதழ் வாங்கினாள். போகும்போது மாடிக்கு வந்து, வாரேன்க்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். பரவாயில்லக்கா, கண்டுபிடிச்சிட்டியள்லா என்றாள். கண்டுபிடித்தது ஏழுமலை என்று சொன்னேன்.

அந்த மூன்று வரியைத் திரும்ப எழுத எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கொம்பு தகராறுக்கும் சுலபமான வழி இருந்தது. 'தகவல் வரவில்லை' என்பதை என் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்னப் படமாகச் செய்து, சர்வரில் வைத்து, காலியான இடத்தில் அதையே ஒட்டச் சொல்லிவிட்டேன். ஆடி மாதத்தில் அமைதியாக உட்கார்ந்து யோசித்திருந்தால் அன்றைக்கே தோன்றியிருக்கும். அதற்குப் பிறகு எந்தச் சார்ட் எழுதினாலும் முதலில் ஒன்றுமே இல்லாமல் வரைந்து பார்ப்பேன், அதுவும் சர்வரிலேயே. என்னிடம் வேலை பழகியவர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். டேட்டா வருவதற்கு முன்னாலேயே மேடம் படம் கேட்கிறார் என்பார்கள். செய்துவிட்டுப் போகட்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். யாராவது அவசரப்படுத்தினால், படம் அசிங்கமாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். கட்டம் கட்டமாக வந்தால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு என்ன இது என்று கேட்பார்கள். பளிச்சென்று ஒரு பூஜ்யம் வந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

திருத்தியதும் பழைய படங்களையெல்லாம் மறுபடி வரையச் செய்தேன். ராமநாதபுரத்துப் பையனுடைய புரட்டாசி மாதமும் புதிதாக வந்தது. கோடு நன்றாக ஏறிக்கொண்டே போய், மழை பெய்த இரண்டு நாளில் நின்று, 'தகவல் வரவில்லை' என்ற எழுத்தைத் தாண்டி, விட்ட உயரத்திலேயே மறுபடி தொடங்கியிருந்தது. அந்த மாதம் எட்டு மேசைகளில் அவன் கோடுதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. பூஜ்யம் இரண்டும் கீழே இழுத்ததில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. ஓய்வு பெறுகிற அன்று என் கம்ப்யூட்டரை ஒப்படைக்கும் முன் நான் கடைசியாகத் திறந்து பார்த்த பக்கம் அதுதான். கொம்பு அதன் இடத்தில் இருந்தது. அவன் மட்டும் அதைப் பார்க்கவே இல்லை.